மேட்டை நாடும் பொரி

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். ஒருநாள் என் போன் சார்ஜ் ஏறாமல் போகவே அங்கே கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஐசி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். நான் கிளம்பாமல் நின்று வேடிக்கை பார்த்தேன். "மைக்ரோஸ்கோப்புல பாக்குறீங்களா சார்?" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத கறுப்புச் சில்லு. அதன் வயிற்றில் வரிசை வரிசையாக ஈய உருண்டைகள், ஒவ்வொன்றும் மணலைவிடச் சிறியது. போர்டிலும் அதே வரிசையில் பளபளக்கும் புள்ளிகள். பழைய ஈயத்தைத் துடைத்தெடுத்து, ஃப்ளக்ஸ் தடவி, ட்வீசரால் புதிய ஐசியை எடுத்து வைத்தார். கண்ணளவில்தான் வைத்தார். லென்ஸில் பார்க்கையில் சற்றுக் கோணலாகவே இருந்தது. அவர் அதைச் சரிசெய்யவில்லை. ஹாட் ஏரைக் காட்டினார். ஃப்ளக்ஸ் புகைந்தது, கொதித்தது. சில விநாடிகள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம், யாரும் தொடாமலே, ஐசி லேசாக அசைந்து, திரும்பி, நேராக உட்கார்ந்தது.

"இப்ப பாருங்க" என்று ட்வீசர் முனையால் அதை ஓர் ஓரமாகத் தட்டினார். ஐசி நகர்ந்தது, முனையை எடுத்ததும் துள்ளிப் பழைய இடத்துக்கே வந்தது. "திரும்பி வந்துச்சுன்னா எல்லா பாலும் உருகிடுச்சுன்னு அர்த்தம் சார். அதுவா உக்காந்துக்கும்."

அதுவா உட்கார்ந்துகொள்ளும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்கான விளக்கம்தான். சில்லுக்குக் கண் இல்லை, கை இல்லை. தன் இடம் இதுதான் என்பது அதற்கு எப்படித் தெரிந்தது?

விடையைத் தேட அடுப்படிக்குப் போனால் போதும். ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, அலை அடங்கியபின் நடுவில் ஒரு பொரியைப் போடுங்கள். அது கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும், பிறகு ஏதோ ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். கரையை நெருங்க நெருங்க வேகம் கூடும். கடைசி ஒரு சென்டிமீட்டரை ஓட்டமாகக் கடந்து கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பொரியைப் போட்டால் அதுவும் அப்படியே. இரண்டை நடுவில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டும். பொரி ஊறிப்போவதற்குள் இதையெல்லாம் செய்து பார்த்துவிட வேண்டும். நாலைந்து நிமிடம் கிடைக்கும்.

இதுவரை எல்லாரும் பார்த்திருப்பதுதான். அடுத்தது பலர் பார்த்திராதது. கிண்ணத்தை விளிம்புவரை நிரப்புங்கள். இன்னும் சொட்டுச் சொட்டாக விட்டு, தண்ணீர் விளிம்புக்குமேல் உப்பி, வழியாமல் நிற்கும்வரை நிரப்புங்கள். இப்போது கரையோரம் ஒரு பொரியைப் போடுங்கள். அது கரையை விட்டு விலகி நடுவுக்குப் போகும். அதே பொரி, அதே தண்ணீர், அதே கிண்ணம். சற்றுமுன் கரைக்கு ஓடியது இப்போது கரையிலிருந்து ஓடுகிறது. நான் முதன்முதலாக இதைச் செய்தபோது நாலு முறை திரும்பச் செய்து பார்த்துத்தான் நம்பினேன்.

ஆகவே சுவரில் எந்தக் கவர்ச்சியும் இல்லை. சூட்சுமம் தண்ணீரின் வடிவத்தில் இருக்கிறது. பாதி நிரம்பிய கிண்ணத்தில், சுவரைத் தொடும் இடத்தில் தண்ணீர் லேசாக மேலேறி நிற்கும். உள்ளிருந்து பார்த்தால் கரையோரம் ஒரு சின்ன மேடு. உப்பி நிற்கும் கிண்ணத்தில் கரைப்பக்கம் தண்ணீர் கீழிறங்குகிறது, மேடு நடுவில். இரண்டு சமயத்திலும் பொரி மேட்டைத்தான் நாடிப் போயிற்று.

பொரி தண்ணீரைவிட லேசானது. விட்டால் இன்னும் மேலே போகும். ஆனால் தண்ணீரின் மேற்பரப்பு ஒரு தோல்போல அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சாய்வான கூரைக்கு அடியில் சிக்கிய பலூனை நினைத்துக்கொள்ளுங்கள். நேரே மேலே போக முடியாது; கூரையை ஒட்டியபடியே வழுக்கிக்கொண்டு உயரமான முனைக்குப் போய்ச் சேரும். பொரி செய்வது அதேதான். பொரியைச் சுற்றியும் தண்ணீர் சற்று மேலேறி நிற்பதால் ஒவ்வொரு பொரியும் இன்னொரு பொரிக்கு ஒரு குட்டி மேடு. ஆகவே அவை ஒன்றையொன்று நாடுகின்றன.

தையல் ஊசி ஒன்றை ஒரு துண்டு மெல்லிய காகிதத்தின்மேல் வைத்து மிதக்கவிட்டு, காகிதத்தை மெதுவாக அமுக்கி மூழ்கடித்தால் ஊசி மட்டும் மிதக்கும். ஊசி கனமானது, தண்ணீர்த்தோலில் ஒரு பள்ளம் செய்துகொண்டு அதில் படுத்திருக்கிறது. ஊசிக்குப் பள்ளம் பிடிக்கும். இன்னோர் ஊசியை மிதக்கவிட்டால் இரண்டும் ஒரே பள்ளத்தில் வந்து சேர்ந்து, பக்கவாட்டில் ஒட்டி, இணையாகப் படுத்துக்கொள்ளும். ஊசியும் பொரியும் மட்டும் ஒன்றையொன்று விலக்கும்: ஒன்றுக்கு மேடு வேண்டும், மற்றதற்குப் பள்ளம் வேண்டும். ஒத்தவை சேரும், மாறுபட்டவை விலகும். மின்னூட்டங்களின் விதிக்கு இது நேர்மாறு.

அமெரிக்கர்கள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் வளையத் தானியத்தின் பெயரால் இதற்குச் 'சீரியோஸ் விளைவு' என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தலைப்பிலேயே டொமினிக் வெல்லாவும் எல். மகாதேவனும் 2005இல் எழுதிய கட்டுரையை இன்றும் மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள். மிதக்கும் குமிழிகள் ஏன் ஒன்றையொன்று இழுக்கின்றன என்ற கணக்கை நிக்கல்சன் என்பவர் 1949லேயே போட்டிருந்தார்.

இந்தத் தோலின் பலம் எவ்வளவு? அறை வெப்பத்தில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். ஒரு மீட்டர் நீளத் தண்ணீர் விளிம்பு ஏழு கிராம் எடையைத்தான் தாங்கும். கேட்கவே பரிதாபமாக இருக்கிறது. ஆனால் பொருள் சிறுக்கச் சிறுக்கக் கணக்கு தலைகீழாகிறது. நீள அகல உயரங்களைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். விளிம்பின் நீளமோ பத்தில் ஒன்றாகத்தான் குறையும். பரப்பு இழுவிசை அந்த விளிம்பைப் பொறுத்தது. யானைக்குத் தண்ணீர்த்தோல் இல்லாத ஒன்று. எறும்புக்கு அது சிறைச்சுவர். இரண்டு உலகங்களுக்கும் எல்லைக்கல் தண்ணீரைப் பொறுத்தவரை ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டர். கரையோர மேடு தட்டையாகிப் போவதும் இந்த அளவிலான தூரத்தில்தான். பொரி கடைசி ஒரு சென்டிமீட்டரில் ஓடியதற்குக் காரணம் அதுவே. அதற்கு அப்பால் சாய்வு மிகமிகக் குறைவு.

சரி, பொருட்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிக்கொள்வது வேறு, ஒழுங்காக அடுக்கிக்கொள்வது வேறு. கிண்ணத்தில் கைப்பிடி பொரியைப் போட்டால் கிடைப்பது குப்பல்தான். ஒழுங்கு எங்கிருந்து வரும்?

1947இல் லாரன்ஸ் பிராகும் ஜான் நையும் வெளியிட்ட ஓர் ஆய்வில் முதல் விடை இருக்கிறது. பிராக் ஊடுகதிரால் படிகங்களின் உள்ளமைப்பைப் படிக்கும் வழியைத் தந்தையோடு சேர்ந்து கண்டவர். 25 வயதில் நோபல் பரிசு பெற்றவர். உலோகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கி நிற்கின்றன, வளைக்கும்போது அந்த அடுக்கில் என்ன நேர்கிறது என்பதைக் கண்ணால் காட்ட விரும்பினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது சோப்புத் தண்ணீர். அடியில் ஒரு மெல்லிய குழாய் முனை வழியாக மாறாத அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால், அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வரும். ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ விட்டம். அவை மேற்பரப்பில் ஒன்றையொன்று இழுத்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஆறாக, தேன்கூட்டு ஒழுங்கில் அடுக்கிக்கொள்ளும். லட்சக்கணக்கான குமிழிகள் கொண்ட ஒரே பாய். ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிலைக்கும்.

அந்தப் படங்களை நான் பார்த்தது ஃபெயின்மன் விரிவுரைகளின் இரண்டாம் தொகுதியில்; அதில் இந்த ஆய்வுக் கட்டுரையை அப்படியே சேர்த்திருக்கிறார்கள். என்னை நிறுத்தி வைத்தவை அதிலிருந்த பிழைகள். ஓரிடத்தில் ஒரு குமிழியைக் காணோம். ஓரிடத்தில் ஒரு வரிசை பாதி வழியில் முடிந்துபோகிறது. இரண்டு பாய்கள் வெவ்வேறு கோணத்தில் வந்து சேர்ந்த இடத்தில் தையல் போட்டதுபோல ஒரு கோணல் எல்லை. இரும்பிலும் செம்பிலும் இருக்க வேண்டும் என்று அதுவரை ஊகித்த குறைகள் அத்தனையும் சோப்புத் தண்ணீரில் கண்ணெதிரே கிடந்தன. பாயைக் கிளறிவிட்டால் குமிழிகள் புதிதாக அடுக்கிக்கொண்டன. பிழைகள் சில மறைந்தன. கிளறினால் பிழை குறைகிறது என்பதை இங்கே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு முறை அது வரும்.

ஆனால் குமிழிகளால் ஒரே ஒரு கோலத்தைத்தான் போட முடியும். ஒவ்வொரு குமிழியும் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி. இந்தப் பக்கம் சேர், அந்தப் பக்கம் சேராதே என்று அதற்குச் சொல்ல வழி கிடையாது. வேறு கோலம் வேண்டுமானால் பொருளின் விளிம்பில் செய்தியை எழுதியாக வேண்டும்.

அப்படி எழுதியவர்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள். நெட் பௌடன், ஆண்ட்ரியாஸ் டெர்ஃபோர்ட், ஜெஃப் கார்பெக் ஆகியோரும் வைட்சைட்ஸும் 1997இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது, என் கணக்கில், இந்தத் துறையின் மிக அழகான சோதனை. வைட்சைட்ஸ் வேதியியலாளர். மூலக்கூறுகள் தாமே கூடிப் படலங்களாவதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். மூலக்கூறு செய்வதைக் கண்ணுக்குத் தெரியும் அளவுத் துண்டுகள் செய்யுமா என்று கேட்டார்.

துண்டுகளைச் சிலிக்கோன் ரப்பரில் வார்த்தார்கள். சில மில்லிமீட்டர் அகலமுள்ள அறுகோணச் சில்லுகள், கூட்டல் குறிபோன்ற துண்டுகள். இந்த ரப்பரில் தண்ணீர் ஒட்டாது. ஆனால் ஆக்சிஜன் பிளாஸ்மாவைக் காட்டினால் அதன் மேற்புறம் மாறி, தண்ணீர் ஒட்டத் தொடங்கும். எந்தப் பக்கம் ஒட்டக்கூடாதோ அதை மறைத்துவிட்டு மற்றவற்றுக்குப் பிளாஸ்மா காட்டினால் போதும். ஒரே அறுகோணத்தில் விருப்பப்படி சில பக்கங்கள் ஈரம் ஏற்கும், சில பக்கங்கள் ஏற்காது.

அடுத்து, மிதக்கவிடும் இடம். தண்ணீரின் மேற்பரப்பை விட்டுவிட்டு, இரண்டு திரவங்கள் சந்திக்கும் எல்லையைத் தேர்ந்தார்கள். கீழே பெர்ஃப்ளூரோடெகலின், தண்ணீரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமான, நிறமற்ற திரவம். தண்ணீரோடும் கலக்காது, எண்ணெயோடும் கலக்காது. செயற்கை ரத்தம் செய்யும் முயற்சிகளில் பயன்பட்டதும் இதுதான். மேலே தண்ணீர். ரப்பர் துண்டு தண்ணீரில் மூழ்கும், கீழே உள்ள திரவத்தில் மிதக்கும். ஆகவே சரியாக எல்லையில் வந்து நிற்கும். ஈரம் ஏற்காத பக்கங்களில் கீழ்த்திரவம் மேலேறி ஒரு மேடு கட்டும். ஈரம் ஏற்கும் பக்கங்களில் மேடு இல்லை.

இப்போது மேடுள்ள பக்கமும் மேடுள்ள பக்கமும் நெருங்கினால் சேரும். சேர்ந்தால் இரண்டு மேடுகளும் காணாமல் போகும். திரவ எல்லையின் பரப்பு அந்த அளவுக்குக் குறையும். திரவத்துக்கு எப்போதும் குறைந்த பரப்புதான் வேண்டும். கோணலாகச் சேர்ந்தால் கொஞ்சம் மேடு மிச்சமிருக்கும், அந்த மிச்சமே துண்டுகளை இழுத்து நேராக்கும். ரிச்சி தெருவில் கோணலாக வைத்த ஐசி திரும்பி நேராக உட்கார்ந்ததும் இதே இழுப்பால்தான்.

பிறகு நடந்ததைத்தான் நான் மாணவர்களிடம் காகிதத்தில் வரைந்து சொல்வேன். அறுகோணத்தின் ஒரே ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏற்காததானால் துண்டுகள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து நின்றுவிடும். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களானால் மும்மூன்றாக ஒரு முனையில் கூடும். எதிரெதிர்ப் பக்கங்களானால் நீண்ட சங்கிலி. ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று பக்கங்களானால் நடுநடுவே ஓட்டைவிட்ட வலை. ஆறு பக்கமும் என்றால் இடைவெளியே இல்லாத தளம், பிராகின் குமிழிப் பாயைப்போல. தட்டு அதே, திரவம் அதே, துண்டுகளின் வடிவமும் அதே. எந்தப் பக்கத்தை மறைத்தோம் என்பது மட்டும் மாறியது, கோலம் மாறிவிட்டது. புள்ளி வைத்தவர் கோட்டை இழுக்கவில்லை, கோடு தானே வந்தது. பின்னால் எழுதிய கட்டுரைகளில் அந்தக் குழுவினர் இதை 'நுண்புழைப் பிணைப்பு' என்றே அழைத்தார்கள். வேதிப் பிணைப்பைப்போல இதற்கும் திசை உண்டு, வலு உண்டு, தேர்வு உண்டு.

ஆனால் துண்டுகளைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் இது நடக்காது. தட்டை வட்டமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டம் இரண்டு வேலை செய்கிறது. தூரத்தில் இருப்பவற்றை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்துகிறது. தப்பாகச் சேர்ந்தவற்றைப் பிரிக்கிறது. முழுப் பக்கமும் பொருந்திய இணைப்பு வலுவானது. பாதிப் பக்கம், முனையோடு முனை என்று சேர்ந்தவை வலுவற்றவை. தப்பான இணைப்பை உடைக்கும் அளவுக்கு, சரியான இணைப்பை உடைக்காத அளவுக்கு ஆட்ட வேண்டும். ஆட்டம் குறைந்தால் முதல் பிழையே நிலைத்துவிடும்; கூடினால் எதுவுமே நிலைக்காது. தானே அடுக்கிக்கொள்ளுதல் என்று பேசும்போது எல்லாரும் இழுவிசையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு இந்த ஆட்டம்தான் இதில் ஆழமான பகுதி. பிழையைத் திருத்த ஒரு கண் வேண்டியதில்லை, ஓர் அளவான குலுக்கல் போதும் என்பது சாதாரணச் செய்தி அல்ல. ட்வீசரால் ஐசியைத் தட்டிய தம்பியின் கையில் இருந்ததும் அந்த அளவுதான்.

இதை எவ்வளவு சிறிதாகக் கொண்டுபோகலாம்? மிதக்கும் உருண்டைகளுக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. அவற்றின் இழுப்புக்கு மூலம் எடை, அதாவது எடையால் வரும் பள்ளமோ மிதப்பால் வரும் மேடோ. உருண்டை சிறுத்தால் எடையும் போய்விடும், பள்ளமும் போய்விடும். விசை ஆரத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது: ஆரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் விசை பத்து லட்சத்தில் ஒன்றாகிவிடும். சில மைக்ரோமீட்டர் அளவுக்கு வந்ததும் தண்ணீர் மூலக்கூறுகளின் வெப்பத் துடிப்பே அந்த இழுப்பை வென்றுவிடும்.

இதற்கு மாற்றுவழி, மிதக்கவிடாமல் பாதி மூழ்க வைப்பது. கண்ணாடித் தகட்டின்மேல் உருண்டைகளைவிட மெல்லிய தண்ணீர்ப் படலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் உருண்டையின் தலையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர்த்தோல் ஒவ்வொன்றின்மேலும் ஏறி இறங்கும். இங்கே மேட்டைக் கட்டுவது எடை இல்லை, ஈரம். ஆகவே எடை இல்லாமல் போனாலும் மேடு இருக்கும். இந்த விசை ஆரத்தின் இரண்டாம் அடுக்கைத்தான் பொறுத்தது. பத்தில் ஒன்றாக்கினால் நூறில் ஒன்று. சில நானோமீட்டர் துகள்வரை இது பிடி விடாது. பல்கேரியாவின் சோபியா நகரக் குழுவும் ஜப்பானின் குனியாக்கி நாகயாமாவும் சேர்ந்து 1992இல் இதைக் கண்ணெதிரே காட்டினார்கள். 1.7 மைக்ரோமீட்டர் லேட்டக்ஸ் உருண்டைகள் கலந்த துளி காய்ந்துகொண்டே வந்தது. படலத்தின் கனம் உருண்டையின் விட்டத்துக்குச் சமமாக மெலியும்வரை அவை கண்டபடி அலைந்தன. அந்தக் கணத்தில் நடுவில் சில உருண்டைகள் சட்டென ஒன்றுகூடின. அங்கே ஆவி வேகமாகப் போனதால் சுற்றியிருந்த தண்ணீர் அங்கே ஓடிவந்தது. வரும்போது மற்ற உருண்டைகளையும் கூட்டிவந்தது. தேன்கூட்டு அடுக்கு வட்டமாகப் பரவியது.

இதே இழுப்பு பகையாவதும் உண்டு. ஈரமான தூரிகையின் மயிர்கள் ஒன்றாகக் கூம்புவதைப் பார்த்திருப்பீர்கள். சிலிக்கன் தகட்டில் வரிவரியாக எழுப்பிய மெல்லிய சுவர்கள் கழுவிக் காயவைக்கும்போது அதேபோலச் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். சில்லுத் தொழிற்சாலைகளில் இது நெடுநாள் தலைவலி.

தொழிற்சாலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் முன்பே இந்த வித்தையைக் கையாண்டவை உண்டு. சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் முட்டையிட்டு மலேரியாவைப் பரப்பும் கொசு அனாபிலஸ் ஸ்டீபன்சி. அதன் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம், ஓடத்தைப்போல வளைந்தது; இரு பக்கமும் காற்றடைத்த மிதவைகள். பெண்கொசு முட்டைகளைத் தனித்தனியாகப் போட்டுவிட்டுப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் அவை முனையோடு பக்கமாகச் சேர்ந்து முக்கோணங்களாக, நட்சத்திரங்களாக, வலைகளாக மிதக்கும். வளைந்த உடலைச் சுற்றித் தண்ணீர் ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் பள்ளமாகவும் நிற்பதால், எந்த இடம் எந்த இடத்தோடு சேரும் என்பது முட்டையின் வடிவத்திலேயே எழுதியிருக்கிறது. பிரான்சின் போர்தோவில் லூதேயும் பூலினியும் இந்த முட்டைகள் எப்படித் தாமே சேர்கின்றன என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டு 2011இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசு வேறு வகை. அது பின்னங்கால்களால் ஏந்தி, நூறு முதல் முந்நூறு முட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு தெப்பமாகக் கட்டுகிறது. ஒன்று தானே அடுக்குகிறது. மற்றது தண்ணீரிடம் விட்டுவிடுகிறது.

மறுபடி ஈயத்துக்கு வருவோம். இன்றைய ஈயத்தில் பெரும்பாலும் ஈயமே கிடையாது. வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவை, 217 டிகிரியில் உருகத் தொடங்கும். உருகிய நிலையில் அதன் பரப்பு இழுவிசை தண்ணீரைவிட ஆறேழு மடங்கு. அறுபதுகளிலேயே ஐபிஎம் நிறுவனம் சில்லுகளை ஈய உருண்டைகள்மேல் கவிழ்த்து வைத்து உருக்கி இணைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அப்போதிருந்தே இந்த இழுப்பு தொழிலாளியாக வேலை செய்துவருகிறது.

வைட்சைட்ஸ் கூட்டத்தார் இதையும் குலுக்கலையும் சேர்த்தார்கள். 2000இல் டேவிட் கிரேசியஸ் முதலானோர், முகங்களில் ஈயம் பூசி ஒளிவிடும் டயோடுகள் பொருத்திய பன்முகத் துண்டுகளைச் சூடான பொட்டாசியம் புரோமைடு கரைசலில் உருட்டினார்கள். துண்டின் அடர்த்தியும் கரைசலின் அடர்த்தியும் சமம்; ஆகவே மூழ்கவும் இல்லை, மிதக்கவும் இல்லை. உருண்டு மோதி, முகத்தோடு முகம் சேர்ந்து, முப்பரிமாண மின்சுற்றாகத் தாமே கூடின. இரண்டு ஆண்டு கழித்து ஹெய்கோ ஜேக்கப்ஸ் முதலானோர், ஐந்து சதுர சென்டிமீட்டரில் 1,500 சிலிக்கன் கனசதுரங்களை மூன்று நிமிடத்துக்குள் அவற்றின் இடங்களில் உட்கார வைத்தார்கள். 280 மைக்ரோமீட்டர் அளவுள்ள 113 டயோடுகளை ஒரு வளைந்த உருளையின்மேல் பதித்து எரியவும் வைத்தார்கள். வளைந்த பரப்பில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க எந்திரக் கை சிரமப்படும். திரவத்துக்கு வளைவும் தட்டையும் ஒன்றுதான்.

பிழை? 1,500இல் ஏறக்குறைய 2 சதவீதம். அதாவது முப்பது இடம் காலி.

21 ஆண்டுகள் கழித்து, 2023இல், தென் கொரிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் இதன் புதிய கணக்கைக் கொடுத்தார்கள். 45 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வட்டச் சில்லுகள், ஒரு தலைமயிரின் பருமனில் பாதிதான் இருக்கும். 19,000க்கும் மேற்பட்டவை ஒரே நிமிடத்தில் ஒளிப்பலகையில் அமர்ந்தன, 99.88 சதவீதம் சரி. காலி இடம் ஏறக்குறைய 23. ஜேக்கப்ஸ் 1,500இல் விட்டதைவிட இவர்கள் 19,000இல் விட்டது குறைவு. கரைசலைச் சற்றுக் கெட்டியாக்கி, துண்டுகள் மோதும் விதத்தை மாற்றியது இதில் பெரும்பங்கு. மீண்டும் குலுக்கல்தான்.

இதே விகிதத்தை ஒரு முழு எச்டி திரைக்குப் போட்டுப் பாருங்கள். 1,920க்கு 1,080 படப்புள்ளிகள், ஒவ்வொன்றிலும் மூன்று நிறங்கள். 62 லட்சத்துக்கு மேற்பட்ட சில்லுகளில் ஏழாயிரத்துக்கு மேல் காலியாக இருக்கும். ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தாலே டிவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அந்தச் சதவீதத்தில் இன்னும் இரண்டு, மூன்று ஒன்பதுகள் தேவை. அவை வருமென்றே நான் நம்புகிறேன். கடைசி ஒன்பதுகள்தான் எப்போதும் கடினம் என்பதும் தெரியும்.

அன்று ரிச்சி தெருவில் என் போன் போர்டை மூடுவதற்குமுன் தம்பி மறுபடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். "ஒண்ணு நிக்குது" என்றார். நானும் பார்த்தேன். ஐசிக்குப் பக்கத்தில், எள்ளைவிடச் சிறிய ஒரு கெப்பாசிட்டர், இரண்டு முனையும் பதிந்து படுத்திருக்க வேண்டியது, ஒரு முனையில் மட்டும் ஒட்டி நட்டுக்க நின்றுகொண்டிருந்தது. சூடு ஒரு பக்கம் முந்திப் பட்டிருக்கும். அந்தப் பக்கத்து ஈயம் முதலில் உருகி, இழுத்து, அதைத் தூக்கி நிறுத்திவிட்டது. மறுபக்கம் உருகியபோது பிடிக்க அங்கே முனை இல்லை. ஐசியை உட்கார வைத்த அதே இழுப்புதான் இதை எழுப்பி நிறுத்தியதும். தம்பி மறுபடி ஹாட் ஏரைக் காட்டினார், இம்முறை குழாயை வட்டமாகச் சுற்றி, இரு பக்கமும் சேர்ந்து உருகும்படி. ட்வீசரால் தலையில் மெல்லத் தட்டினார். கெப்பாசிட்டர் சாய்ந்தது, ஒரு கணம் நடுங்கியது, படுத்துக்கொண்டது.